தும்புப் பாயும் பிளாஸ்டிக் புல்லும்

பொல்பிட்டிய பக்கம் மழை பெய்ததை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை. நாலு நாள் தொடர்ந்து வெயில் அடித்தால்தான் பேச்சு. தென்மேல் பருவக்காற்று இலங்கை மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதிக் கொட்டித் தீர்க்கும் வட்டாரம் இது. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கங்களில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் அதிகமாகப் பெய்யும். இந்தத் தண்ணீரைக் கணக்குப் பார்த்துத்தான் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் நீர்மின் திட்டத்தை முன்வைத்தார். 1950 இல் லக்சபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது. 1969 இல் பொல்பிட்டிய மின்நிலையமும் சேர்ந்துகொண்டது. நாட்டுக்கு விளக்கெரிக்கும் அதே மழைதான், ஞாயிறு காலை தொடங்க வேண்டிய மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டியை மத்தியானம் வரைக்கும் இழுத்தடிக்கிறது.

பொல்பிட்டியவிலிருந்து லக்சபான, நோர்ட்டன் பிரிட்ஜ் என்று மேலேறி ஹட்டன் வரை போனால், ஆடுகளத்தின் கதை எல்லா இடத்திலும் தண்ணீரோடு நடந்த தகராறுதான். முதலில் வெறும் மண், பிறகு தும்புப் பாய், கொங்கிரீட், இப்போது செயற்கைப் புல். ஒவ்வொன்றும் ஒரு தொல்லையைத் தீர்த்தது, புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது. செயற்கைப் புல் மலையகத்துக்கு வருவதை நான் வரவேற்கிறேன். ஆனால் விக்கெட்டுக்கும் விக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும் துண்டுக்கு மட்டும். மைதானம் முழுவதையும் அதால் மூடுவோம் என்று யாராவது வந்தால் எதிர்ப்பேன். பழைய கதையைச் சொன்னால்தான் இதற்குக் காரணம் விளங்கும்.

ஆரம்பத்தில் மைதானம் என்பது துரைமாருடையது. டிக்கோயா – மஸ்கெலியா கிரிக்கெட் கழகம் 1868 இல் தொடங்கியது. அதன் தரவளை மைதானமும் நானுஓயாப் பக்கத்து ரதல்ல மைதானமும் தோட்டத் துரைமாரின் வார இறுதிகளுக்காக உண்டானவை. அங்கே புல் வெட்டியவர்களும் உருளை இழுத்தவர்களும் தொழிலாளர்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஆடியது வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில், தேயிலை ஸ்டோர் முற்றத்தில், குடியிருப்பு லயத்துக்கும் தண்ணீர்ப் பீலிக்கும் நடுவில் கிடைத்த துண்டு நிலத்தில். மலையில் சமதரை சும்மா கிடைப்பதில்லை. பின்னால் தோட்டத்து மைதானம் என்று வந்ததெல்லாம் பெரும்பாலும் சரிவை ஒரு பக்கம் வெட்டி, அந்த மண்ணை மறுபக்கம் கொட்டி நிரவிய இடங்கள்தான். ஒரு ஓரம் மண்மேடாக நிற்கும். எதிர் ஓரம் பள்ளம், பள்ளத்தில் தேயிலை. பந்து தேயிலைக்குள் போனால் ஆறு ஓட்டம் என்பது சில இடத்துச் சட்டம், அடித்தவர் அவுட் என்பது வேறு சில இடத்துச் சட்டம். புதுப் பந்துக்குக் காசு யார் கொடுப்பது என்பதைப் பார்த்துத்தான் அந்தச் சட்டம் எழுதப்பட்டிருக்கும்.

இதற்கு நடுவில்தான் பாய் வந்தது. மெட்டிங் என்றுதான் சொல்வார்கள். தும்பில் முறுக்கிய கயிற்றால் நெருக்கமாக நெய்த நீளமான விரிப்பு. ஆட்டத்தன்று காலையில் நாலு பேர் அதைத் தோளில் சுமந்துகொண்டு வருவார்கள். தரையைக் கூட்டி, கல்லைப் பொறுக்கி, உருட்டி விரித்து, ஓரங்களில் நீள ஆணி அடிப்பார்கள். ஒருவர் அடிக்கும்போது இன்னொருவர் குதிகாலை ஊன்றி மறுமுனையைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுவை தளர்ந்தால் நடுவில் சுருக்கம் விழும். சுருக்கத்தில் குத்திய பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று வீசியவருக்கே தெரியாது. நனைந்துவிட்டால் நாலு பேர் போதாது, எட்டுப் பேர் வேண்டும். ஆட்டம் முடிந்ததும் வேலியில் போட்டு உலர்த்த வேண்டும். ஜூன், ஜூலையில் எதை வைத்து உலர்த்துவது? சுருட்டி வைத்த பாய் உள்ளுக்குள்ளேயே புழுங்கிக் கறுத்து, அடுத்த முறை விரிக்கும்போது இழை இழையாக விட்டுப்போகும்.

ஆனாலும் பாயில் ஆட்டம் நன்றாக இருந்தது. பந்து அதில் பிடித்துத் திரும்பும். 1956 இல் கராச்சியில் பாய் விரித்த ஆடுகளத்தில்தான் பாகிஸ்தானின் பசல் மஹ்மூத் அவுஸ்திரேலியாவை 13 விக்கெட் எடுத்துச் சாய்த்தார். வேகம் இல்லாதவரும் விரலில் வித்தை இருந்தால் அதில் பிழைத்துக்கொள்ளலாம். பாயும் இல்லாத தோட்டங்களில் வெறும் மண்ணும் டெனிஸ் பந்தும்தான். நாலு ஓவர் போவதற்குள் பந்தின் மேல்மயிர் சேற்றை உறிஞ்சிக் கனத்துவிடும். அடித்தால் போகாது, பிடித்தால் கை முழுக்கச் சேறு. அடுத்த ஆட்டத்துக்குள் பந்து காய வேண்டுமே என்று அதை லயத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பார்கள்.

மைதானத்தைக் காப்பாற்றியது பாயுமல்ல, உருளையுமல்ல. தண்ணீர் வடியும் கான்தான். தேயிலை மலையில் மண் கரைந்து போகாமல் கான் வெட்டுவது தோட்டத்தில் பிறந்தவர்களின் கைவேலை. எந்தச் சரிவுக்கு எவ்வளவு வாட்டம், எத்தனை அடிக்கு ஒரு மண்தடுப்பு என்பதெல்லாம் அளவுகோல் இல்லாமலே தெரியும். அந்தக் கைகளே மைதானத்துக்கும் கான் வெட்டின. மண்மேட்டின் அடியில் ஒரு கான், மேலேயிருந்து வடியும் தண்ணீர் மைதானத்துக்குள் இறங்காமல் மறித்துக் கொண்டுபோவதற்கு. பள்ளத்துப் பக்கம் இன்னொன்று. நடு ஆடுகளம் கண்ணுக்குத் தெரியாத அளவு மேடாக இருக்கும். பொறுப்பான துரை வாய்த்த தோட்டங்களில் மழைக்கு முன்னால் இந்த வேலைக்கென்றே ஓரிரு ஆட்களுக்குப் பேர் போடுவார்கள், அதாவது ஒரு நாள் சம்பளம் எழுதுவார்கள்.

1972 இலும் 1975 இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசிடம் போயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்கு வந்தது. கொழுந்துக்கு வெளியில் செலவாகும் ஒவ்வொரு பேரும் கணக்குக்கு வந்தது. கான் தூர்ந்தது. மண்மேட்டுத் தண்ணீர் நேரே நடு மைதானத்துக்கு இறங்கியது. மைதானம் சேறாகிப் போனதற்கு எல்லாரும் மழையைத்தான் பழித்தார்கள். மழை அன்றும் இதே மழைதான்.

கொங்கிரீட் இந்தச் சேற்றுக்கு விடையாக வந்தது. கொங்கிரீட்டின் மேல் ஒட்டிய பச்சை விரிப்பு அதற்கடுத்த விடை. அதன் நன்மைகளை அடக்கிச் சொல்வது நியாயமில்லை. பிற்பகல் மழை விட்டதும் தும்புத்தடியால் தண்ணீரைத் தள்ளிவிட்டால் சற்று நேரத்தில் ஆடலாம். பாய் சுமக்க ஆள் வேண்டாம், ஆணி வேண்டாம், உருளை வேண்டாம். பந்து எழும்பும் உயரம் ஒரே சீராக இருப்பதால், பத்து வயதுப் பிள்ளை முகத்தைத் திருப்பாமல் துடுப்பை நேராக வைக்கப் பழகுகிறது. மண் ஆடுகளத்தில் அந்தத் துணிச்சல் வருவதற்கே இரண்டு வருடம் போகும். சேறு இல்லை என்றால் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளையும் விளையாட விடுவதற்கு வீட்டில் முணுமுணுப்புக் குறைகிறது. வருடத்தில் பாதி நாள் நனைந்து கிடக்கும் ஊரில் பயிற்சி நாட்கள் கூடுவதுதான் மிகப் பெரிய லாபம்.

புதிய தரையை ஒதுக்கித் தள்ளியவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு ஹொக்கி சாட்சி. 1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கிய இந்தியா, 1976 இல் மொன்றியலில் முதன்முறையாகச் செயற்கைத் தரை விரித்தபோது ஏழாம் இடத்துக்கு இறங்கியது. 1980 இல் மொஸ்கோவில் தமிழ்நாட்டுக்காரரான வாசுதேவன் பாஸ்கரனின் தலைமையில் தங்கம் கிடைத்தது. அதற்குப் பிறகு பதக்கம் என்று ஒன்றைக் காண நாற்பது வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குத் தரை ஒன்றே காரணமல்ல. என்றாலும் புல்லில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் செயற்கைத் தரையில் பழக இடமில்லாமல் போனது ஒரு பெருங்காரணம். நகரத்துப் பாடசாலையில் விரிப்பில் பழகி வரும் அணியோடு, சேற்றில் மட்டும் பழகிய தோட்டத்துப் பிள்ளை மோத வேண்டியிருப்பதும் அதே அநியாயம்தான்.

அமெரிக்காவில் பேஸ்போலுக்கு உறவான சொஃப்ட்போல் மைதானங்களிலும் இதே விவாதம் நடக்கிறது. அங்கே ஓட்டக் கட்டங்களுக்கு இடைப்பட்ட உள்களத்தில் புல்லே கிடையாது, சலித்த செம்மண் மாதிரியான தரை. கட்டத்துக்குக் கட்டம் 60 அடிதான். பந்தை வீசுபவர் அடிப்பவரிடமிருந்து 43 அடியில் நிற்பார். அவ்வளவு கிட்டத்தில் நின்று தடுப்பவருக்கு, தரையில் ஒரு குழியில் பட்டுப் பந்து எகிறினால் முகத்தை விலக்க நேரமில்லை. ஆகவே செயற்கைத் தரைக்கு அங்கே முதல் நியாயம் சீரான எழுச்சி. மழைக்குப் பிறகு உடனே ஆடலாம் என்பதும் தினமும் மண்ணை வாரிச் சமப்படுத்தும் வேலை மிச்சம் என்பதும் அதற்கு அடுத்தபடி. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கின் சொஃப்ட்போல் இறுதியாட்டத்தில் ஜப்பான் அமெரிக்காவை 2–0 என்று வென்றதும் செயற்கைப் புல் விரித்த யோகோஹாமா மைதானத்தில்தான். எதிர்ப்பவர்களின் பேச்சிலும் சாரம் இருக்கிறது. சறுக்கி விழுந்தால் தோல் வழன்றுபோகிறது. சப்பாத்து தரையில் சிக்கிக்கொள்ள, முழங்கால் மட்டும் திரும்பிவிடுகிறது. கடும் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 பாகை செல்சியசையும் தாண்டிச் சுடுகிறது. 2015 இல் கனடாவில் நடந்த பெண்கள் உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தை முழுக்கச் செயற்கைப் புல்லில் வைக்க முடிவெடுத்தபோது, ஆண்களுக்கு இப்படிச் செய்வீர்களா என்று முன்னணி வீராங்கனைகளே வழக்குக்குப் போனார்கள்.

நம் மலைக்கு இதில் சூடு பெரிய பிரச்சினையில்லை. மூடுபனியும் மழையும் பார்த்துக்கொள்ளும். தோல் வழலுவதும் புதிதல்ல. தும்புப் பாயில் விழுந்த முழங்காலைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். இங்கே வரும் தொல்லைகள் வேறு.

ஒரு விரிப்பு இரண்டு மழைக்காலம் கண்ட பிறகு குனிந்து பாருங்கள். பந்துவீசுபவரின் முன்கால் இறங்கும் இடத்தில் இழை முழுக்கத் தேய்ந்து, உள்ளங்கையளவு வழுக்கையாக அடித்துணி தெரியும். ஓரத்தில் பசை ஈரத்தில் விட்டு, விரிப்பு மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். மண்மேட்டின் நிழல் விழும் பக்கத்தில் இழைகளுக்கு அடியில் மெல்லிய பாசி. பச்சையோடு பச்சையாகக் கலந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். ஓடி வந்து கால் ஊன்றுபவர் அதில் வழுக்கினால் விழுவது கொங்கிரீட்டில். நட்டநடு ஆடுகளத்தில் கால் வைத்தால் ஏதோ ஒரு படி இறங்குவது போலிருக்கும். அதற்குக் காரணம், வெட்டி நிரவிய மைதானத்தில் கொட்டிய மண்ணின் பக்கம் வருடாவருடம் சிறிது அமிழ்வதுதான். வெட்டிய பக்கம் அசையாது. இரண்டுக்கும் குறுக்காகப் போட்ட கொங்கிரீட் வெடிக்காமல் என்ன செய்யும்? மண் ஆடுகளமாக இருந்தால் வெடிப்பைப் பார்த்த அன்றே மண் போட்டு நிரவியிருப்பார்கள். விரிப்பு அதை மூடி மறைத்து வைத்திருக்கிறது.

செயற்கைப் புல்லில் எனக்குள்ள முதல் மனக்குறை இதுதான். மேலே பச்சையாகத் தெரிவதால் கீழே இருக்கும் நிலத்தை யாரும் பார்ப்பதில்லை. கான் இல்லாத மைதானத்தில் விரிப்பைப் போட்டுவிட்டுத் திறப்புவிழா வைத்தால், தண்ணீர் தன் பழைய வழியில்தான் வரும்.

ஆட்டமும் மாறிவிட்டது. கொங்கிரீட்டின் மேல் டெனிஸ் பந்து தோளுயரத்துக்கு எழும்புகிறது. குறுக்காக வீசியடிப்பவருக்கு அது வாய்ப்பு, சுழற்றுபவருக்குக் கஷ்டம். ஆறு ஓவர் ஆட்டத்தில் மெதுவாக வீசுபவரை யாரும் அணியில் சேர்ப்பதில்லை. பாயில் வளர்ந்த அந்த விரல்வித்தை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

செலவையும் சொல்ல வேண்டும். விரிப்புக்கு ஆயுள் எட்டு, பத்து வருடம். பராமரிப்பில்லாமல் போட்டால் அதிலும் பாதி. பிறகு புதிது வாங்க வேண்டும், அதுவும் வெளிநாட்டுச் சரக்கு. 2022 நெருக்கடியில் டொலர் இல்லாமல் நாடு நின்றபோது மருந்துக்கே தட்டுப்பாடு. நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்த தோட்ட மக்களிடம், கழகத்துக்குப் புதிய விரிப்பு வாங்கப் பணம் சேருங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

இனி முழு மைதானத்தின் விஷயம். சென்னையில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானங்களை டர்ஃப் என்றே அழைக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கும் விளக்கைப் போட்டு ஆடுகிறார்கள். கொழும்பிலும் அதே வழக்கம் வந்துவிட்டது. மலையகத்து நகரங்களுக்கும் அது வர வேண்டும் என்று ஆசைப்படுபவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் மைதானம் விளையாட்டுக்கு மட்டும் உரியதல்ல. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி மலையக மக்களைச் சந்தித்துப் பேசியது நோர்வூட் மைதானத்தில். 2020 மே மாதக் கடைசியில் மலையக அரசியல் தலைவர் ஆறுமுகன் தொண்டமானின் இறுதிக் கிரியைகள் நடந்ததும் அங்கேதான். தோட்டத்து மைதானத்தில் தேர்த்திருவிழாக் கடை போடுவார்கள், மே தினக் கூட்டம் நடக்கும், மண்சரிவு வந்தால் கூடாரம் அடிப்பார்கள், மாடு மேயும். புல் இதையெல்லாம் தாங்கும். இரண்டு மழை பெய்தால் மறுபடியும் முளைக்கும். பிளாஸ்டிக் புல்லுக்கு முதலில் வேலி போடுவார்கள், பிறகு பூட்டுப் போடுவார்கள், பிறகு கட்டணம் போடுவார்கள். ஏற்கெனவே நிலமில்லாத ஒரு சமூகத்துக்கு மிச்சமிருக்கும் பொது வெளி அந்த ஒரு மைதானம்தான்.

அடுத்த கவலை ஆற்றுத் தண்ணீர். அதற்கு முதலில் அளவைப் பார்க்க வேண்டும். ஆடுகளத் துண்டு 22 யார் நீளம், 10 அடி அகலம், அதாவது ஏறத்தாழ 60 சதுர மீற்றர். கிரிக்கெட்டுக்குப் போடும் விரிப்பு குட்டை இழை, பெரும்பாலும் அதற்குள் எதையும் நிரப்புவதில்லை. உதைபந்தாட்ட அளவில் முழு மைதானத்தை மூடுவதென்றால் 7000 சதுர மீற்றர். நீள இழைகளுக்கிடையில் மணலும், பழைய டயரை அரைத்த இறப்பர்த் தூளும் தொன் கணக்கில் கொட்ட வேண்டும். அந்தத் தூள் சப்பாத்தில் ஒட்டியும் மழையில் மிதந்தும் வெளியே போய்க்கொண்டே இருக்கும். 2023 இல் ஐரோப்பிய ஒன்றியம் நுண்பிளாஸ்டிக்குக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, மைதானங்களில் நிரப்பும் இத்தகைய தூள் விற்பனையை எட்டு வருட அவகாசத்தோடு, 2031 முதல் நிறுத்துவதென்று முடிவெடுத்தது. அங்கே விற்க முடியாமல் போகும் சரக்கு மலிவு விலையில் எந்தப் பக்கம் திரும்பும் என்று நாம் இப்போதே கேட்டு வைக்க வேண்டும். 5000 மில்லிமீற்றர் மழை பெய்யும் சரிவில் அதைக் கொட்டினால் முதல் பருவத்திலேயே கானுக்கு வந்து, கானிலிருந்து ஓயா என்னும் சிற்றாற்றுக்கு வந்து, பொல்பிட்டிய தாண்டிக் களனி கங்கையோடு இறங்கிவிடும். அந்தக் களனியில்தான் அம்பத்தளையில் தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்பு குடிக்கிறது.

இறப்பர்த் தூளுக்குப் பதிலாகத் தக்கையும் தேங்காய்த் தும்பும் கலந்த நிரப்பியை ஐரோப்பாவில் சில மைதானங்கள் பயன்படுத்துகின்றன. தும்பு நம் நாட்டிலேயே கிடைக்கும் சரக்கு. ஆனால் ஓயாத ஈரத்தில் அதுவும் பழைய பாய் போல் இற்றுப்போகும் என்பதால், மேற்குச் சரிவு மைதானங்களுக்கு அதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தேர்தல் காலத்திலும், வெளிநாட்டில் இருந்து ஊர் திரும்பியவர்களின் நன்கொடையிலும் மைதானத்துக்குப் பணம் வருகிறது. வரட்டும். அந்தப் பணத்தில் முதல் செலவு மேட்டுப் பக்கத்துக் கானாக இருக்கட்டும், அதை வெட்டத் தெரிந்தவர்கள் லயத்திலேயே இருக்கிறார்கள். கொங்கிரீட்டை வெட்டிய பக்கத்து இறுகிய மண்ணில் போட வேண்டும், நிரவிய பக்கம் கால் வைக்கக் கூடாது. அடித்தளத்துக்குக் கீழே கல் நிரப்பித் தண்ணீர் வெளியேற வழி விட வேண்டும். விரிப்பை முழுக்க ஒட்டாமல் ஓரங்களில் கழற்றி மாட்டும்படி இறுக்கினால், வருடத்துக்கு ஒரு தடவை தூக்கிக் கீழே வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். முன்கால் விழும் துண்டை மட்டும் தனியாக வெட்டி மாற்றவும் முடியும். பாசியைத் தேய்த்துக் கழுவவும் கானைத் தூர்வாரவும் ஒரு ஆளுக்கு மாதத்தில் நாலு பேர் போட்டால் போதும். அந்த நாலு நாள் சம்பளக் காசைத் திறப்புவிழாவுக்கு முன்னாலேயே கழகத்தின் பெயரில் வங்கியில் போட்டு வைக்க வேண்டும்.